புரோகிராம் எழும்பிவிட்டது, டிவைஸ் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் லினக்ஸ் பற்றியவை. ஊர் வேறு, தொழில் வேறு, நோய் ஒன்றுதான்: மின்சாரம் போய் வந்தோ அப்டேட் போட்டோ ஒரு புரோகிராம் நின்று திரும்ப எழும்புகிறது, அது கேர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) உருவாக்கி வைத்திருந்த மெய்நிகர் டிவைஸ் பழைய இடத்தில் இல்லை, அல்லது இருந்தும் ஒட்டமாட்டேன் என்கிறது.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் உச்சரிப்பாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணனியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அமைப்புக் கோப்பில் வரும் பெயர்களை இடைவெளி விடாமல் சேர்த்து எழுத வேண்டும். ஒரு புரோகிராம் டிவைஸைத் திறந்ததும் கேர்னல் கையில் கொடுக்கும் எண்ணை, அதாவது ஃபைல் டிஸ்கிரிப்டரை, இந்தப் பக்கத்தில் ‘பிடி’ என்றே எழுதுகிறோம். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தப் பிடியைச் சுற்றியே போகும்.

கேள்வி: கல்முனைக் கடைக்கும் அக்கரைப்பற்றுக் களஞ்சியத்துக்கும் இடையில் டனல் போட்டிருக்கிறோம். டனல் புரோகிராம் ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் டன்0 மறைந்து புதிதாக வருகிறது. ஐபி முகவரியும் ரூட்டும் போய்விடுகின்றன, திறந்திருந்த பில் இணைப்புகள் அறுகின்றன. இதை நிறுத்த வழி உண்டா? – கல்முனை வாசகர்

பதில்: உண்டு. உங்கள் புரோகிராம் /டெவ்/நெட்/டன் என்ற கோப்பைத் திறந்து, ‘டன்0 என்று ஓர் இடைமுகம் வேண்டும்’ என்று கேட்கிறது. கேர்னல் கொடுக்கிறது. ஆனால் அந்த இடைமுகத்தின் உயிர் அந்தப் பிடியோடு கட்டப்பட்டிருக்கிறது. புரோகிராம் ஒழுங்காக நின்றாலும் சரி, கில் -9 (வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) வாங்கிச் செத்தாலும் சரி, கேர்னல் பிடியை மூடும். மூடியதும் டன்0 அழியும். அதில் தொங்கிய முகவரியும் ரூட்டும் கூடவே போகும்.

ஆகவே டன்0வைப் புரோகிராம் உருவாக்க விடாதீர்கள். கணனி எழும்பும்போதே நீங்கள் நிரந்தரமாக உருவாக்கிவையுங்கள்: ‘ஐபி டன்டாப் ஆட் டெவ் டன்0 மோட் டன் யூசர் டனல்’. கடைசிச் சொல், டனல் புரோகிராம் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அது. பிறகு முகவரி கொடுத்து, ‘ஐபி லிங்க் செட் டன்0 அப்’ செய்து, ரூட்டையும் போடுங்கள். புரோகிராம் வந்தால் இருக்கிற டன்0வில் ஒட்டிக்கொள்ளும், போனால் கழரும். கழன்ற நேரத்தில் ‘ஐபி லிங்க்’ பார்த்தால் ‘நோ கேரியர்’ என்று காட்டும். ரூட்டுக்குப் பக்கத்தில் ‘லிங்க்டவுன்’ என்று வரும். கேபிள் கழன்ற நெட்வேர்க் கார்ட் எப்படியோ அப்படி. அந்த நேரத்தில் போகும் பாக்கெட்டுகள் கொட்டுப்படும், ஆனால் முகவரி நிற்கும். டிசிபி தானாகத் திரும்ப அனுப்பும் ஆகையால், டனல் சில செக்கனில் எழும்பினால் பில் எழுதுபவர் ஒரு சின்னத் தயக்கத்தைத்தான் காண்பார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. முகவரியை சிஸ்டம்டியின் (லினக்ஸில் சேவைகளை எழுப்பி மேற்பார்க்கும் புரோகிராமின்) நெட்வேர்க் பகுதியான சிஸ்டம்டி நெட்வேர்க்டி மூலம் கொடுத்திருந்தால், கேரியர் போனதும் அதுவே முகவரியைக் கழற்றிவிடும். நிரந்தர டன்0 வைத்தும் பலன் இல்லாமல் போகும். அந்த நெட்வேர்க் கோப்பில் ‘கன்ஃபிகர் வித்அவுட் கேரியர்=யெஸ்’, ‘இக்னோர் கேரியர் லாஸ்=யெஸ்’ என்ற இரண்டு வரியும் இருக்கட்டும்.

ஒட்ட முடியாமல் போனால் பிழைச் செய்தியே காரணத்தைச் சொல்லும். ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்றால் பயனர் பெயர் பொருந்தவில்லை. ‘இன்வாலிட் ஆர்கியுமென்ட்’ என்றால் வகை பொருந்தவில்லை: நீங்கள் டன் உருவாக்க, புரோகிராம் டாப் (ஈதர்நெட் வகை) கேட்கிறது, அல்லது ஒரு பக்கம் மல்டி கியூ (பல வரிசை), மறுபக்கம் ஒற்றை. ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்றால் வேறு யாரோ இன்னும் பிடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த யாரோ, பழைய புரோகிராம் பெற்ற பிள்ளை. டனல் எழும்பும்போது ஒரு ஷெல் ஸ்கிரிப்டை ஓடவிட்டிருக்கும். பிடியில் ‘குளோஸ் ஆன் எக்ஸெக்’ கொடியைப் போட மறந்ததால் பிள்ளைக்கும் ஒரு பிரதி போயிருக்கும். தாய் போனபின்னும் பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கும். கண்டுபிடிப்பது எளிது. நிர்வாகப் பயனராக (ரூட் யூசராக) நின்று ‘கிரெப் -எச் ஐஎஃப்எஃப்: /புரொக்/*/எஃப்டிஇன்ஃபோ/*’ என்று தேடுங்கள் (எச் பெரிய எழுத்து). டன் பிடி வைத்திருக்கும் ஒவ்வொரு புரொசெஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கும்) ‘ஐஎஃப்எஃப்: டன்0’ என்று ஒரு வரி வரும், பாதையில் உள்ள எண்தான் ஆளின் எண்.

ஓபன்விபிஎன் பாவிப்பவர்களுக்கு: ‘பெர்சிஸ்ட் டன்’ என்ற வரி, அந்த புரொசெஸ் உயிரோடு இருந்தபடி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்யும்போது மட்டும் காப்பாற்றும். புரொசெஸே செத்தால் அந்த வரியால் ஒன்றும் ஆகாது. முன்கூட்டியே ‘ஓபன்விபிஎன் --எம்கேடன் --டெவ் டன்0’ கொடுத்து உருவாக்கி வைப்பதுதான் மருந்து.

கேள்வி: நெல் ஆலையின் லொறித் தராசுக் காட்டி, சீரியல் மாற்றிப் பெட்டி வழியாக நெட்வேர்க்கில் வருகிறது. கணனியில் சோகேட் அதை ஒரு மெய்நிகர் சீரியல் போர்ட்டாக்கித் தருகிறது. சோகேட் நின்று எழும்பினால் பில் மென்பொருளில் நிறை அசையாமல் நிற்கிறது. சில வேளை போன லொறியின் நிறையே விழுந்துவிடுகிறது. – சம்மாந்துறை வாசகர்

பதில்: பெரும்போக அறுவடை நேரத்தில் லொறிகள் வரிசையில் நிற்கும்போது இது நடந்தால், ஒரு விவசாயியின் நெல் இன்னொருவர் கணக்கில் ஏறும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது பில் மென்பொருளில் ஒரு காவல். தொடர்ந்து அனுப்பும் முறையில் உள்ள காட்டி, செக்கனுக்குப் பல முறை நிறையை அனுப்பும். 2 செக்கனுக்குப் புதிய எண் வரவில்லையென்றால் திரையில் நிறையை அழித்து, பில் பொத்தானைப் பூட்டச் சொல்லுங்கள். மென்பொருள் எழுதியவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

இனிக் காரணம். சோகேட் தருவது ஒரு போலி டெர்மினல். அது ஒவ்வொரு முறை எழும்பும்போதும் /டெவ்/பிடிஎஸ்/3 என்றும் பிறகு 5 என்றும் புதுப் புது எண் வரலாம். ‘லிங்க்=/டெவ்/தராசு’ என்று கொடுத்தால் நிலையான பெயர் கிடைக்கும். ஆனால் பெயர் மாறாததால் மட்டும் நோய் தீராது. பில் மென்பொருள் ஏற்கெனவே திறந்த பிடி பழைய டெர்மினலோடு செத்துப்போனது; லிங்க் புதிய இடத்தைக் காட்டினாலும் திறந்திருக்கும் பிடி நகராது. படித்தால் பூச்சியம் பைட், எழுதினால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. மூடித் திரும்பத் திறந்தால்தான் சரி.

மென்பொருளை மாற்ற முடியாத நிலை என்றால் ‘டிடிவை0டிடிவை’ என்ற கேர்னல் மொடியூலைப் போடுங்கள். அது /டெவ்/டிஎன்டி0, /டெவ்/டிஎன்டி1 என்று இரண்டு போர்ட்டை முதுகோடு முதுகாகக் கட்டித் தரும். பில் மென்பொருள் 1ஐத் திறக்கட்டும், சோகேட் 0வைத் திறக்கட்டும். போர்ட் இரண்டும் கேர்னலுக்குச் சொந்தம். சோகேட் எத்தனை முறை விழுந்தெழும்பினாலும் பில் பக்கத்துப் பிடி அறாது. இது கேர்னலோடு வரும் மொடியூல் அல்ல. ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் மொடியூலைத் தானாகத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் வழியாக நிறுவாவிட்டால் அடுத்த கேர்னல் அப்டேட்டில் காணாமல் போகும்.

மறுபக்கமும் உண்டு. போலி டெர்மினலோடு ஓடும் அமைப்பில் பில் மென்பொருளை மூடினால் சோகேட்டும் நின்றுவிடும். அது பழுதல்ல, மறுமுனையைத் திறந்தவர் போய்விட்டார் என்பதை அது அப்படித்தான் அறிகிறது. சிஸ்டம்டியில் ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’ போடுங்கள், கூடவே ‘ரீஸ்டார்ட் செக்=3’ என்றும் போடுங்கள். அந்த 3 முக்கியம். சும்மா விட்டால் இடைவெளி 0.1 செக்கன். சிஸ்டம்டி 10 செக்கனுக்குள் 5 முறைக்கு மேல் எழுப்பாது. அரைச் செக்கனிலேயே ஐந்தும் தீர்ந்து, ‘ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குவிக்லி’ என்று சொல்லிப் படுத்துவிடும். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ரீசெட் ஃபெயில்ட்’ கொடுத்துக் கையால் எழுப்பவேண்டி வரும்.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் ஒட்டவில்லை என்றால் மாற்றிப் பெட்டியைப் பாருங்கள். பல பெட்டிகள் ஒரு நேரத்தில் ஒரு டிசிபி இணைப்பைத்தான் ஏற்கும். கணனி சடாரென்று அணைந்தால் பெட்டிக்கு அது தெரியாது. பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாக எண்ணிப் புதியதை மறுக்கும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் கீப்அலைவ் நேரத்தைக் குறையுங்கள். எதிர்மாறாகப் பெட்டி அணைந்து கணனி யூபிஎஸ்ஸில் நின்றால், படித்துக்கொண்டு மட்டும் இருக்கும் சோகேட்டுக்கு ஒன்றும் தெரியாது. சோகேட் பக்கம் ‘கீப்அலைவ், கீப்ஐடில்=10, கீப்இன்டிவிஎல்=5, கீப்சிஎன்டி=3’ என்று கொடுத்தால் சுமார் 25 செக்கனில் உணர்ந்துகொள்ளும்.

கேள்வி: ஃபியூஸ் முறையில், அதாவது கேர்னலுக்கு வெளியே ஒரு சாதாரண புரோகிராமாக, நாங்களே ஒரு கோப்பு முறைமை எழுதிப் பழகுகிறோம். எங்கள் புரோகிராம் விழுந்தால் ‘டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இஸ் நாட் கனெக்டட்’ என்று வருகிறது, திரும்ப மவுண்ட் செய்யவும் விடுகிறதில்லை. மவுண்ட் அறாமல் புரோகிராமை மட்டும் மாற்ற முடியுமா? – வந்தாறுமூலை மாணவர்

பதில்: முதலில் சுத்தம் செய்யும் முறை. புரோகிராம் செத்ததும் /டெவ்/ஃபியூஸ் பிடி மூடப்படுகிறது, மவுண்ட் மட்டும் பிணமாகக் கிடக்கிறது. ‘எல்எஸ் -எல்’ பார்த்தால் அந்த அடைவுக்கு அனுமதி எழுத்துகளுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் இருக்கும். ‘ஃபியூசர்மவுண்ட்3 -யூ’ கொடுத்து அகற்றுங்கள். ‘பிஸி’ என்றால் யாரோ அந்த அடைவுக்குள் நிற்கிறார்கள். ‘-யூ’வோடு ‘இசட்’ எழுத்தையும் சேர்த்தால் பெயரை உடனே கழற்றிவிட்டு மிச்சத்தைப் பிறகு துடைக்கும். சிஸ்டம்டியில் ‘எக்ஸெக் ஸ்டார்ட் ப்ரீ’ வரியில் இதைப் போட்டு, முன்னால் ஒரு கழித்தல் குறி இடுங்கள். அகற்ற ஒன்றும் இல்லாத நாளில் சேவை அதனால் நிற்காது. பழைய மவுண்டில் கோப்புத் திறந்து வைத்திருந்தவர்கள் மூடித் திறந்தே ஆகவேண்டும்.

இனி நீங்கள் கேட்டது. மவுண்டை உயிரோடு வைக்க, /டெவ்/ஃபியூஸ் பிடியின் ஒரு பிரதி சாகாத யாரிடமாவது இருக்கவேண்டும். யாரிடம் என்பது அடுத்த பதிலில். பிடி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள், கடினமான பகுதி அதற்குப் பிறகுதான்.

கேர்னல் ‘இனிட்’ என்ற அறிமுகச் செய்தியை மவுண்டுக்கு ஒரு முறைதான் அனுப்பும். புதிய புரொசெஸுக்கு அது வராது. லிப்ஃபியூஸ் நூலகமோ இனிட் வராமல் வேறு எந்தக் கேள்வி வந்தாலும் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று பதில் கொடுத்துவிடும். ஆகவே முதல் புரொசெஸ், தனக்கு வந்த இனிட் செய்தியின் பைட்டுகளைக் கோப்பில் சேமித்து வைக்கவேண்டும். புதியது எழும்பியதும் அதைத் தானே நூலகத்துக்கு முதல் செய்தியாக ஊட்டவேண்டும். நூலகம் அதற்கு எழுதும் பதிலை ‘அப்படி ஒரு கேள்வி நிலுவையில் இல்லை’ என்று கேர்னல் தள்ளிவிடும், தள்ளட்டும்.

அடுத்தது எண்கள். கேர்னல் ஒவ்வொரு கோப்பையும் நீங்கள் கொடுத்த நோட் எண்ணால்தான் நினைவில் வைத்திருக்கிறது. திறந்த கோப்புக்கு நீங்கள் கொடுத்த ‘எஃப்எச்’ மதிப்பையும் அப்படியே திருப்பித் தரும். மாணவர் புரோகிராம்களில் இவை இரண்டுமே நினைவக முகவரிகளாக இருப்பது வழக்கம். பழைய புரொசெஸின் முகவரியைப் புதிய புரொசெஸ் தொட்டால் அந்தக் கணமே விழும். நோட் எண்ணை அடியிலுள்ள கோப்பின் ஐநோட் போன்ற நிலையான ஒன்றிலிருந்து எடுங்கள். எஃப்எச்சை ஓர் அட்டவணையின் வரிசை எண்ணாக்கி, அட்டவணையை டிஸ்க்கில் எழுதிவையுங்கள்.

கடைசியாக, பழைய புரொசெஸ் படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் செத்த கேள்விகள். அவற்றைக் கேட்ட புரோகிராம்கள் ‘டி’ (குறுக்கிட முடியாத காத்திருப்பு) நிலையில் உறைந்து நிற்கும், கில் -9 கூட எடுபடாது. லினக்ஸ் 6.9 முதல் ‘நோட்டிஃபை ரீசெண்ட்’ என்ற அறிவித்தல் உண்டு. புதிய புரொசெஸ் அதை அனுப்பினால் கேர்னல் அந்தக் கேள்விகளைத் திரும்ப வரிசையில் போடும். திரும்ப வந்தவற்றின் அடையாள எண்ணில் உச்சி பிட் 1 ஆக இருக்கும். அதைப் பார்க்காமல் விடாதீர்கள். ‘அடைவு உருவாக்கு’ என்ற வேலையைப் பழையவர் செய்துவிட்டுப் பதில் சொல்ல முதல் செத்திருக்கலாம். நீங்கள் திரும்பச் செய்தால் ‘ஏற்கெனவே உண்டு’ என்று பிழை போகும். உச்சி பிட் 1 என்றால் அந்த அடைவு ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் வெற்றி என்றே பதில் சொல்லுங்கள். 6.9க்கு முந்திய கேர்னலில் /சிஸ்/எஃப்எஸ்/ஃபியூஸ்/கனெக்ஷன்ஸ் அடியில் உங்கள் மவுண்டின் எண்ணுக்குள் ‘அபோர்ட்’ கோப்பில் 1 எழுதி, முழு இணைப்பையும் அறுத்து உறைந்தவர்களை விடுவிப்பதே வழி.

கேள்வி: பிடியை சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கலாம் என்கிறார்கள். எப்படி? – ஒலுவில் வாசகர்

பதில்: சேவைக் கோப்பில் ‘டைப்=நோட்டிஃபை’, ‘ரீஸ்டார்ட்=ஆன் ஃபெயிலியர்’, ‘ஃபைல் டிஸ்கிரிப்டர் ஸ்டோர் மேக்ஸ்=4’ என மூன்று வரி. கடைசி வரியைப் போடாவிட்டால் எண்ணிக்கை 0. நீங்கள் அனுப்பும் பிடி சத்தமில்லாமல் மூடப்படும். புரோகிராமில் டிவைஸைத் திறந்தவுடன் ‘எஸ்டி பிட் நோட்டிஃபை வித் எஃப்டிஸ்’ என்ற அழைப்பால் பிடியை அனுப்புங்கள். அதோடு போகும் செய்தி ‘எஃப்டிஸ்டோர்=1’, அடுத்த வரியில் ‘எஃப்டிநேம்=’ என்று நீங்கள் வைக்கும் பெயர். எழும்பும் ஒவ்வொரு முறையும் முதலில் ‘லிசன் எஃப்டிஸ்’ என்ற சூழல் மாறியைப் பாருங்கள். எண் இருந்தால் சேமித்த பிடிகள் 3 முதல் வரிசையாக இருக்கும், பெயர்கள் ‘லிசன் எஃப்டிநேம்ஸ்’ மாறியில் முக்காற்புள்ளியால் பிரித்து வரும். இல்லையென்றால்தான் டிவைஸைப் புதிதாக உருவாக்கவேண்டும்.

சிக்கிக்கொள்ளும் இடங்கள் சொல்கிறோம். சிஸ்டம்டி தன்னிடமுள்ள பிடிகளை இடைக்கிடை பார்த்து, பிழை அல்லது அறுந்த அறிகுறி தெரிந்தால் தானே மூடிவிடும்; உங்கள் டிவைஸ் வகை அப்படி அறிகுறி காட்டக்கூடியது என்றால் அனுப்பும்போதே ‘எஃப்டிபோல்=0’ சேருங்கள். ‘ரீஸ்டார்ட்’ செய்தால் பிடி நிற்கும், ‘ஸ்டாப்’ செய்து பிறகு ‘ஸ்டார்ட்’ செய்தால் போய்விடும்; சிஸ்டம்டி 254 முதல் ‘ஃபைல் டிஸ்கிரிப்டர் ஸ்டோர் பிரிசேர்வ்=யெஸ்’ கொடுத்தால் ஸ்டாப்பிலும் நிற்கும். சம்மாந்துறை வாசகருக்குச் சொன்ன 10 செக்கன், 5 முறை எல்லையில் சேவை தோற்றுப் படுத்தாலும் பிடி போகும், ஆகவே இங்கும் ‘ரீஸ்டார்ட் செக்’ வேண்டும். என்ன இருக்கிறது என்று பார்க்க அதே 254 முதல் ‘சிஸ்டம்டி அனலைஸ் எஃப்டிஸ்டோர்’ என்ற கட்டளை உண்டு.

கேள்வி: அச்சகத்தில் தமிழ்த் தட்டெழுத்துக்காகப் பொத்தான் மாற்றும் புரோகிராம் ஒன்று யூஇன்புட் (மெய்நிகர் விசைப்பலகை உருவாக்கும் கேர்னல் வசதி) வழியாக ஓடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சில வேளை என்டர் அமுங்கியபடியே ஓடுகிறது. அதன் பிடியையும் சேமிக்கலாமா? – காத்தான்குடி வாசகர்

பதில்: என்டர் கதை இப்படி. நீங்கள் டெர்மினலில் கட்டளையைத் தட்டி என்டரை அமுக்குகிறீர்கள். விரல் எழ முதலே புரோகிராம் எழும்பி உண்மையான விசைப்பலகையைத் தனக்கென்று பூட்டிக்கொள்கிறது. அமுக்கியதைத் திரை பார்த்தது, விட்டதைப் பார்க்கவில்லை. பூட்டுவதற்கு முன் ‘ஈவிஐஓசி ஜிகீ’ என்ற அழைப்பால் எந்தப் பொத்தானும் அமுங்கியில்லை என்று உறுதிசெய்யும்வரை காத்திருக்கவேண்டும். அமைப்பில் அப்படி ஒரு தெரிவு இல்லாவிட்டால் ‘ஸ்லீப் 1’ முன்னால் போட்டு ஓடவிட்டாலும் போதும்.

யூஇன்புட் பிடியைச் சேமிக்கலாம், ஆனால் ஒரு பொறுப்பு கூடும். சாதாரணமாகப் புரோகிராம் செத்தால் மெய்நிகர் விசைப்பலகை அழிந்து, கேர்னலே அமுங்கியிருந்த பொத்தான்களை விடுவிக்கும். பிடியைச் சேமித்தால் டிவைஸ் சாகாது, விடுவிப்பும் நடக்காது; புதிய புரோகிராம் எழும்பியதும் அமுங்கியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் 0 அனுப்பி, முடிவில் ‘சின் ரிப்போர்ட்’ அனுப்பவேண்டும். பூட்டிய உண்மையான விசைப்பலகையின் பிடியை மட்டும் ஒருபோதும் சேமிக்காதீர்கள். புதிய புரோகிராம் ஏதோ பிழையால் எழும்பாவிட்டால் பூட்டுத் திறக்க ஆளிருக்காது. விசைப்பலகை செத்த கணனியில் திருத்தவும் வழி இருக்காது.

சேமிக்காமல் விட்டால் /டெவ்/இன்புட்/ஈவென்ட் எண் மாறும். யூடெவ் (டிவைஸ்களுக்குப் பெயர் வைக்கும் சேவை) விதியில் டிவைஸின் பெயரைப் பொருத்தி நிலையான லிங்க் கொடுங்கள்.

கேள்வி: மெய்நிகர் கமரா வழியாக ஒன்லைன் வகுப்பு எடுக்கிறேன். படம் அனுப்பும் மென்பொருள் ரீஸ்டார்ட் ஆனால் உலாவியில் கமராவே மறைகிறது. – மட்டக்களப்பு ஆசிரியர்

பதில்: மெய்நிகர் கமராவைத் தரும் வி4எல்2லூப்பேக் மொடியூலை ‘எக்ஸ்குளுசிவ் கேப்ஸ்=1’ என்று ஏற்றியிருப்பீர்கள். எழுதுபவர் இல்லாத நேரத்தில் அது தன்னைக் கமரா என்று சொல்லாது. ஆகவே உலாவியின் பட்டியலில் வராது. சில உலாவிகளுக்கு அந்த 1 இல்லாமல் கமரா தெரியவே மாட்டாது என்பதால் அதை எடுக்கச் சொல்லமாட்டோம். ஏற்றும்போது ‘வீடியோ என்ஆர்=10’ கொடுத்து எண்ணை நிலைப்படுத்துங்கள். ‘வி4எல்2 சிடிஎல் -டி /டெவ்/வீடியோ10 -சி கீப் ஃபோர்மட்=1’ கொடுத்தால் பட அளவும் வகையும் எழுதுபவர் போனபின்னும் நிற்கும்; அதே கட்டளையில் ‘டைம்அவுட்=3000’ கொடுத்தால் 3 செக்கன் படம் வராதபோது வெற்றுப் படம் போகும், உலாவி உறையாது. திரும்ப எழும்பும் மென்பொருள் அதே அளவில், உதாரணமாக முன்பு 1280க்கு 720 என்றால் இப்போதும் 1280க்கு 720 என்றே, அனுப்பவேண்டும்.